தூசி இடைவேளை

தபீத்தாள் இல்லையே அம்மா. சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி, போயிருக்கிறாள். வருகிற நேரம்தான். உங்கள் பெயர்?

மங்கையர்க்கரசியா? கும்பகோணத்து மங்கையர்க்கரசியா? அப்படியானால் உள்ளே வாருங்கள். செருப்பு அங்கேயே கிடக்கட்டும், நாய் கிடையாது.

உங்களைக் கொஞ்சம் சின்ன வயசாக நினைத்திருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் "மங்கை இன்னைக்கு அழுதுட்டா", "மங்கை இன்னும் ஒரு அத்தியாயம் கேட்டா" என்று சொல்லிக்கொண்டே இறங்குவாள். கேட்கிற யாருக்கும் இருபது வயதுப் பெண் என்றுதான் தோன்றும். உங்களுக்கும் முழங்கால் வலி உண்டு போலிருக்கிறது. வாசற்படியில் பார்த்தேன்.

நான் சங்கரவடிவு. கீழ் வீடு எனக்கு, மாடி அவளுக்கு. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சரி, மரியாதைக்குச் சொல்கிறீர்கள். திருச்செந்தூருக்கு வந்தவர் அப்படியே இங்கேயும் எட்டிப்பார்க்கலாம் என்று வந்தீர்களாக்கும். வாசிப்பு நின்றுபோனதைப் பற்றித்தானே? நினைத்தேன். இருங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். வயர்தான் காரணம். பழைய வயர். யார் மேலும் தப்பில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். காப்பியைக் குடியுங்கள். சர்க்கரை போடலாம் இல்லையா? போட்டுவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்லூரி. நான் பௌதிகம், அவள் தமிழ். இரண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு காரணம், அதைச் சொல்ல உட்கார்ந்தால் காப்பி ஆறிவிடும். ரிட்டயர் ஆனதும் சேர்ந்து இந்த வீட்டை வாங்கினோம். இது ஒரு டாக்டர் கட்டிய வீடு. டாக்டருக்கு எந்த அறையில் இருந்தாலும் ஃபோன் எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு லைன், ஆஸ்பத்திரிக்கு ஒரு லைன். அறைக்கு அறை ஃபோன் பாயிண்ட். அடுக்களையில்கூட ஒன்று இருக்கிறது, போகும்போது காட்டுகிறேன். சுவருக்குள்ளே எல்லா இடத்துக்கும் நாலு கம்பி ஓடுகிறது. இரண்டு கம்பி வீட்டு லைனுக்கு, அது எங்கள் பெயருக்கு மாறியது. ஆஸ்பத்திரி லைனை டாக்டர் வீட்டார் போகும்போதே துண்டித்துவிட்டார்கள். அந்த இரண்டு கம்பி மட்டும் சுவருக்குள் சும்மா கிடந்தது. யாருக்கும் அது இருப்பதே ஞாபகமில்லை.

சாயங்காலம் காப்பிக்குப் பிறகு அவள் இறங்கி வருவாள், கையில் ஏதாவது நாவலோடு. அவள் வாசிப்பாள், நான் கீரை ஆய்வேன், இல்லையென்றால் மறுநாளைக்குக் காய் நறுக்குவேன். வருஷக்கணக்காக இதுதான். எத்தனை புத்தகம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவள் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லை, சொல்லத்தான் வேண்டும். நீங்கள் கேட்டது ஸ்பீக்கரில் வந்த குரல். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அவள் கீழே வைக்கிற விதம் இருக்கிறதே, தூங்கிவிட்ட குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி, கையை மெதுவாக உருவிக்கொள்வாள். அந்த உருவிக்கொள்வது ஸ்பீக்கரில் வராது. பௌதிகப்படியே வராது. குரலின் மேலேயும் கீழேயும் நறுக்கிவிட்டு நடுத்துண்டைத்தான் அனுப்பும். அந்த நடுத்துண்டுக்கே நீங்கள் அழுதீர்கள் என்றால் பாருங்கள்.

நன்றாயிருக்கிறது என்று ஒருநாளும் அவளிடம் நான் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? மூச்சு நன்றாயிருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் கூட்டத்தை ஆரம்பித்தவள் ஹெப்சிபா. தபீத்தாளுடைய பழைய மாணவி. "டீச்சர், நீங்க வகுப்பில வாசிச்ச மாதிரி கம்ப்யூட்டர்ல வாசிங்க, நாங்க எல்லாரும் அங்கங்க இருந்து கேக்கோம்" என்றாள். இவளும் சரி என்றுவிட்டாள். கம்ப்யூட்டரும் மோடமும் என் அறையில். அதனால் முதலில் இங்கேதான், இந்த மேஜையில்தான் உட்கார்ந்து உங்களுக்கு வாசித்தாள். உங்களுக்கு முகம். எனக்கு முதுகு. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறீர்களா? வேறு யாருக்கோ வைத்த சாப்பாட்டின் வாசனையைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் உங்களில் ஒருவர், "பின்னாடி ஏதோ சத்தம் வருது டீச்சர்" என்றார். யாரென்று நான் கேட்கவில்லை. நீங்களா? நீங்கள்தானா. பரவாயில்லை. அது அவரைக்காய் நறுக்குகிற சத்தம். என் வீட்டில், என் அறையில், நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் வந்து நிற்கிறாள்.

"ஏட்டி வடிவு, மாடிக்கு நெட்டு வந்துட்டா ஒனக்கும் தொந்தரவு இல்ல பாரு."

"எனக்குத் தொந்தரவுன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். ஆனால் வைஃபை மாடிப்படி பாதியிலேயே நின்றுவிடுகிறது. இந்தச் சுவரைத் தட்டிப் பாருங்கள். தட்டுங்கள், ஒன்றும் ஆகாது. கோட்டைச் சுவர். கடைக்காரனைக் கூப்பிட்டேன். வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சுவத்தைத் தொளைச்சுத்தாம்மா கேபிள் இழுக்கணும்" என்றான். என் சுவரைத் தொளைக்க விடமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

அப்போது இவள் சொல்கிறாள், "போட்டும். மங்கையோட தம்பி ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கானாம். அவன்ட்ட கேட்டு ஒரு வழி சொல்லுதேன்னு சொல்லியிருக்கா."

உங்கள் தம்பி! இந்த வீட்டுச் சுவருக்குக் கும்பகோணத்திலிருந்து உங்கள் தம்பி வழி சொல்ல வேண்டும். மின்சாரமும் காந்தமும் வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தினவள் கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்க வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் தம்பி நல்ல பிள்ளையாகவே இருப்பான். ஆனால் அன்றைக்குச் சொன்னேன்: "ஒரு தம்பியும் வேண்டாம். நான் பண்ணித் தாரேன்."

மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, வீட்டு ஃபோன் வயர் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. திறந்தால் சிலந்திக்கூடு. வருஷக்கணக்காகத் திறக்காத பெட்டி. சாயம் மங்கி எந்தக் கம்பி எந்த நிறம் என்று தெரியவில்லை. அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற மாதிரிதான் செய்தேன். இந்தப் பக்கம் பாட்டரியை வைப்பது, அந்தப் பக்கம் டார்ச் பல்பை வைப்பது. தபீத்தாள் மாடியில் பல்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கீழே இரண்டிரண்டு கம்பியாகத் தொடுகிறேன்.

"எரியுதாட்டி?"

"இல்ல."

"இப்போ?"

"இல்லட்டி. ஒம் பாட்டரி செத்துப்போச்சா பாரு."

"ஒன் மூளைதான் செத்துப்போச்சு. ரெண்டு காலையும் பிடிச்சிருக்கியா?"

"எங் காலையா?"

"பல்போட காலை!"

அப்புறம் ஒரு தடவை தொட்டதும் மேலேயிருந்து, "எரியுது! வடிவு, எரியுது எரியுது!" என்று ஒரு கூச்சல். தெருவில் போனவன் நின்று பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னால் எப்போது சிரித்தோம் என்று எனக்கு நினைவில்லை. இறங்கி வந்து என் தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். "நீ இல்லாட்டா நான் என்னட்டி செய்வேன்" என்றாள். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்கிறதுதான். ஆனால் சொன்னாள்.

நான் கண்டுபிடித்தது அந்த ஆஸ்பத்திரி லைன் கம்பி. ஃபோன் வயர் வழியாகவே கம்ப்யூட்டர் விஷயத்தை அனுப்புகிறதற்கென்று சின்னப் பெட்டி கிடைக்கிறது, இரண்டு பெட்டி, ஒரு ஜோடி. தேடிப் படித்து, வரவழைத்து, ஒன்றை இங்கே மோடத்தோடு சேர்த்தேன், இன்னொன்றை அவள் படுக்கையறை ஃபோன் பாயிண்டில் சேர்த்தேன். என் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது, அதையும் மாடிக்குக் கொடுத்துவிட்டேன். சுவரில் ஒரு ஓட்டை கிடையாது, தரையில் ஒரு வயர் கிடையாது. உங்கள் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். நம்ப மாட்டான்.

ஒரே ஒரு விஷயம். அதோ, அந்தக் கறுப்பு ஃபோன். டாக்டருடைய ஆஸ்பத்திரி ஃபோன் அது. அதே கம்பியில்தான் தொங்குகிறது. அதைக் கழற்றியிருக்க வேண்டும், சரிதான், முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். ரிசீவர் ஃபோன் மேல் வைத்தபடி இருக்கும்வரை தொந்தரவில்லை. எடுத்துவிட்டால் இரண்டு கம்பியும் கைகோத்துக்கொண்ட மாதிரி, மாடிக்கு ஒன்றும் போகாது. ஆனால் பாருங்கள், எவ்வளவு அழகான ஃபோன். கழற்றினால் சுவரில் வெள்ளைத் தடம் விழும். அதனால் விட்டுவைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் மாடியில் உட்கார்ந்து உங்களுக்கு வாசிக்க ஆரம்பித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு. நீங்கள் சத்தம் என்று சொன்னீர்களே, அதனால்.

நான் இங்கே இருந்தேன். இந்தப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு இருக்கிறது. மாடிக்கு விஷயம் போகும்போதும் வரும்போதும் அது துடிக்கும். என் தலைமாட்டுச் சுவருக்குள்தான் அந்தக் கம்பி போகிறது. அவள் குரல் மாடியிலிருந்து இறங்கி, என் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி, சுவருக்குள்ளேயே நடந்து, இந்த மேஜைக்கு வந்து, அப்படியே கும்பகோணத்துக்குப் போகிறது. எனக்குக் கேட்கவில்லை. வழி போட்டுக் கொடுத்தவள் நான், எனக்குக் கிடைத்தது பச்சை விளக்கு. விளக்கு வேகமாகத் துடித்தால் சண்டைக் கட்டம், மெதுவாகத் துடித்தால் சோகக் கட்டம் என்று நானே நினைத்துக்கொள்வேன். படமும் போவதால் அது எப்போதும் ஒரே மாதிரிதான் துடிக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. "நீயும் ஒன் கம்ப்யூட்டர்ல சேர்ந்துக்கோயேன்" என்றாள். என் வீட்டு மாடியில் இருக்கிறவளை நான் திரையில் ஒரு சதுரத்துக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? அதுவும் உங்கள் பக்கத்துச் சதுரத்தில்? எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் உங்களுக்கு வாசித்துவிட்டு எனக்கும் வந்து கொஞ்சம் வாசிப்பாள். அப்புறம் "தொண்டை கட்டுதுட்டி, நாளைக்கு" என்பாள். அப்புறம் அந்த நாளைக்கும் இல்லை. எனக்கு வாசித்துக்கொண்டிருந்த புத்தகம் பாதியில் நின்றது. அதையேதான் உங்களுக்கு முதலிலிருந்து வாசிக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண் படகில் ஏறினாள், அதுவரைதான் எனக்கு. இறங்கினாளா இல்லையா என்று உங்களுக்குத் தெரியும். சொல்லாதீர்கள். எனக்கு வேண்டாம்.

சரி, வயர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஃபோன் என்றால் தூசி சேரும். எனக்கு வேலை ஒழிகிறது சாயங்காலம்தான். ரிசீவரை எடுக்காமல் எப்படித் துடைப்பது? எடுத்தேன், துடைத்தேன், வைத்தேன். சில நாள் கொஞ்சம் அதிகமாகத் துடைக்க வேண்டியிருந்தது. பேசுகிற இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன பாருங்கள், ஒவ்வொன்றிலும் தூசி. மேலே கனெக்‌ஷன் போயிருக்கலாம். நான் மாடியிலா இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? பச்சை விளக்கு அணைந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஒரு தப்பா? அவள் கண்ணுக்கும் நல்லது. அவ்வளவு நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

ஏன் சிரிக்கிறீர்கள்?

இல்லை, சொல்லுங்கள். பாதிச் சிரிப்பை முழுங்கினால் விக்கல் வரும்.

வாட்ஸப்பில் போட்டாளா? என்னவென்று?

"வடிவு தூசி தட்டுகிறாள், எல்லாரும் போய்க் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்."

எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையுமா? அதற்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெயர் வேறு வைத்தீர்களா. தூசி இடைவேளை. நல்ல பெயர். மிக நல்ல பெயர். யார் வைத்தது? ஹெப்சிபாவா? அவள் பௌதிகத்தில் பார்டரில் பாஸானவள்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது? அந்த ஃபோனை எடுத்தால் உள்ளே மணி ஒரு தடவை "டிங்" என்னும். மெல்லிய சத்தம்தான். மாடிப்படி வழியாக மேலே போயிருக்கும். கதவிடுக்கில் நுழைந்திருக்கும். ஒலி என்றால் என்ன, அது எப்படி வளைந்து போகும் என்று கரும்பலகையில் படம் போட்டுப் போட்டுப் பாடம் நடத்தினவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஒருநாள்கூட என்னிடம் கேட்கவில்லையே. இறங்கி வந்து, "காப்பி குடிச்சியாட்டி" என்று கேட்பாள். நானும் குடித்தேன் என்பேன். கும்பகோணம், மதுரை, பெங்களூர் எல்லாம் சிரித்திருக்கிறது. நான் இங்கே துணியை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உங்கள் பஸ் எத்தனை மணிக்கு? இங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ உடனே கிடைக்காது. இப்போதே கிளம்பினால்தான் சரியாக இருக்கும். நீங்கள் வந்ததை அவளிடம் சொல்லிவிடுகிறேன். பையை மறந்துவிடாதீர்கள்.

என்ன? இன்னும் என்ன இருக்கிறது? கடைசி நாளில் என்ன சொன்னாள்?

மெதுவாகச் சொல்லுங்கள். அவள் சொன்னபடியே சொல்லுங்கள், உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றாமல்.

"நான் வாசிக்கேன், நீங்க கேக்கீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் மியூட்ல இருக்கீங்க. உம் கொட்ட ஆள் இல்லியே. கெணத்துக்குள்ள பேசுத மாதிரி இருக்கு எனக்கு. கீழ ஒருத்தி இருக்கா. அவ கூப்பிட்டா அங்க போயி வாசிக்கேன்."

இப்படியா சொன்னாள்.

உம்மா? நான் உம் கொட்டினேனா? கதை கேட்டால் உம் கொட்டத்தான் செய்வார்கள், அதை ஒரு விஷயமாக யார் வைத்துக்கொள்வார்கள்? நான் கீரையைப் பார்ப்பேன், அவள் புத்தகத்தைப் பார்ப்பாள். அவள் ஒரு வாக்கியத்தை வைப்பாள், நான் "ம்" என்பேன், அவள் அடுத்ததை எடுப்பாள். அது என் வாயிலிருந்து வருவதே எனக்குத் தெரியாது.

அப்படியானால் நீங்கள் வாசிப்பு ஏன் நின்றது என்று கேட்க வரவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே. நான் கூப்பிட்டேனா இல்லையா என்று பார்க்க வந்தீர்கள். வந்ததிலிருந்து உங்களை வாய் திறக்க விடவில்லை நான்.

இல்லை. கூப்பிடவில்லை. அவள் தானாக இறங்கி வருவாள் என்று நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்டு போனது, செப்டம்பர் போனது, இப்போது கிறிஸ்துமஸ் பாட்டே வந்துவிட்டது. சாயங்காலம் ரேடியோவைப் போட்டுவிடுவேன், கேட்பதற்கில்லை, வீட்டில் ஏதாவது ஒரு குரல் இருக்கட்டும் என்று. நான் கூப்பிடுவேன் என்று அவள் மேலே உட்கார்ந்திருந்தாளாக்கும். படித்த பெண்கள் இரண்டு பேர். நடுவில் ஒரு மாடிப்படி.

கூப்பிட்டு எனக்கு வழக்கமில்லை, மங்கை. அவளாக வந்துதான் வழக்கம். என்னவென்று கூப்பிடுவது? வந்து எனக்கு வாசி என்றா? இந்த வயதில், வாய்விட்டு? உங்களுக்கு எளிது. நீங்கள் இன்னும் ஒரு அத்தியாயம் என்று கேட்டுவிடுவீர்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வராது. கூப்பிடாமலே போனால் அவள் மாடியிலேயே கிழவியாகிப் போவாள், நான் கீழேயே கிழவியாகிப் போவேன், அவ்வளவுதானே? ஏற்கெனவே ஆகிவிட்டோம்.

கேட் சத்தம். அவள்தான். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். கண்ணைத் துடையுங்கள் முதலில்.

வா தபீத்தா. ஆமா, ஒன் மங்கைதான். திருச்செந்தூருக்கு வந்தவ இங்க வந்திருக்கா. காப்பி குடுத்தாச்சு. எல்லாம் பேசியாச்சு. என்ன பேசினோமா? தூசியைப் பத்திப் பேசினோம். சிரிக்காத. ஒன்கிட்ட அப்புறம் பேசிக்கிடுதேன்.

இங்க பாரு. அந்தப் புஸ்தகத்தை எடுத்துட்டு வா. எந்தப் புஸ்தகமா? நீ பாதியில விட்டது எத்தனை இருக்கு? இப்பத்தான். கூப்பிடுதேன்லா, பிறகு என்ன? தொண்டை கட்டியிருந்தா மெதுவா வாசி. ரேடியோவை நான் நிறுத்துதேன். போ, நின்னு பார்த்துக்கிட்டே இருக்காத.

போகிறாள் பாருங்கள். படியேறுகிற வேகத்தைப் பாருங்கள்.

நீங்களும் இருங்கள். இந்தப் பஸ் போனால் அடுத்த பஸ், அதுவும் போனால் இங்கேயே படுத்துக்கொள்ளலாம். உங்கள் கூட்டத்துக்கு என்ன செய்வது என்று காலையில் பேசுவோம். அந்த நாற்காலி வேண்டாம், அது நான் உட்காருவது. இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள், காற்று வரும். முழுக்கக் கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

உம் மட்டும் கொட்ட வேண்டாம். அதற்கு ஆள் இருக்கிறது.